கடலைக் காய்ச்சுகிறவன்

நவம்பர் கடைசி வெள்ளி. அகமதி கோவில்.
தமிழ்ப் பூசைக்கு ஒரு மணி நேரம்தான்,
பிறகு கொங்கணிக்காரர்கள் வாசலில் செருமத் தொடங்குவார்கள்.
ஆகவே ஃபாதர் இஞ்ஞாசி
உலகத்தைப் பன்னிரண்டு நிமிடத்தில் முடித்தார்.

நட்சத்திரங்கள் உதிரும் என்றார்.
வானம் பாய்போலச் சுருளும் என்றார்.
புது வானம், புது பூமி,
கண்ணீர் துடைக்க ஒரு கை.
பிறகு, கடிகாரத்தைப் பார்த்தபடியே,
அந்தப் பூமியில் கடல் இருக்காது என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது.
அல்-சூரில் என் பிழைப்பே அதுதான்.
பதினோரு வருடமாகக் கடலைக் காய்ச்சுகிறேன்.
நூற்றுப் பத்து டிகிரி.
அறைக்கு அறை அழுத்தம் குறையக் குறைய
உப்புநீர் திடுக்கிட்டு ஆவியாகும்,
ஆவி குளிர்ந்து குடிநீராகும்.
இந்த நாட்டுக் குளியலறைகளில் விழுவதெல்லாம்
நான் கொஞ்சம் கொஞ்சமாக முடித்துவைத்த கடல்.
எஞ்சும் கடும் உப்பைச் சூடாகத் திருப்பிக் கொட்டுகிறோம்.
வாங்கிக்கொள்கிறது.
எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும்.
திருப்பித்தான் தராது.

அங்கே நின்றுவிட்டது சிரிப்பு.

ததேயுவுக்குக் கல்லறை இல்லை.
வள்ளத்தின் பாதி கிடைத்தது, டீசல் கேன் கிடைத்தது.
கல்லறைத் திருநாளன்று அண்ணி
வீடியோ காலில் மெழுகுதிரியைக் காட்டினாள்:
அலை தொடாத மணலில், ஒரு தேங்காய்ச் சிரட்டைக்குள்.

பூசை முடிந்து சாக்ரிஸ்திக்குப் போனேன்.
முதலில் எது, ஃபாதர்?
கடல் இல்லாமல் போவதா,
தன்னிடம் உள்ளவர்களை அது ஒப்படைப்பதா?
திருவுடையைக் கழற்றிக்கொண்டிருந்தவர்
பாதிக் கழுத்தில் நின்றார்.
"ஒப்படைத்த பிறகுதான்," என்றார்.
ஷிஃப்ட் மாறுவதுபோல என்று நினைத்துக்கொண்டேன்.
பதிவேட்டில் எழுதி, எண்ணிக்கை சரிபார்த்து,
கையெழுத்துப் போட்ட பிறகே
பழைய ஆள் வீட்டுக்குப் போகலாம்.

திரும்பும் வண்டியில் ரெக்சலின் டீச்சர்.
மங்காஃப் பள்ளியில் இயற்பியல், பாடற்குழுவில் இரண்டாம் குரல்.
ஆரஞ்சு உரித்துக்கொண்டே சொன்னாள்:
சூரியன் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரகாசமாகிக்கொண்டே போகுது.
அது பெருத்து நம்மை விழுங்க ஐந்நூறு கோடி வருஷம்.
கடல் அதுவரைக்கும் தாங்காது.
நூறு கோடியிலேயே வற்றிடும்.

எங்கே போகும்?

மேலே. ஆவியா.
அங்கே வெயிலில் உடைஞ்சு
ஹைட்ரஜன் விண்வெளிக்குப் போயிடும்.

அப்போ எல்லாம் மேலே எழும்பும்?

ஒரு சுளையை என் பக்கம் நீட்டினாள்.
அவளுக்குத் தெரியும் நான் எதைக் கேட்டேன் என்று.
"தண்ணி எழும்பும்," என்றாள்.
"அவ்வளவுதான் எங்க புத்தகத்துல இருக்கு."
மீனா அப்துல்லாவின் தீக்கொழுந்துகள்
கண்ணாடி முழுக்க எரிந்தபடி வந்தன.
இருவரும் விதைகளை உள்ளங்கையில் துப்பினோம்.

அதிகாலை நாலு மணி.
கடல்நீர் உள்ளே வரும் வாயில்
வலைத்தட்டுகள் சுழன்று ஏறுகின்றன.
சொறிமீன், பாசி, லபான் பாட்டில், ஒற்றைச் செருப்பு.
"இதைப் பார்க்க ஆள் இருக்கு, நீங்க ஏன்?" என்கிறான் நேபாளி தில் பகதூர்,
எல்லா வாரமும் போல.

குமரிக்குத் தெற்கே போனவன்
ஹோர்முஸ் தாண்டி இந்தக் குடாவுக்குள் வரமாட்டான்.
நீரோட்டம் எனக்குத் தெரியும்.
ஆறு வருடம் எந்தச் செருப்பையும் விட்டுவைக்காது, அதுவும் தெரியும்.
ஃபாதரின் வரிசையும் டீச்சரின் கோடிகளும்
இந்த ஷிஃப்டுக்குள் வரப்போவதில்லை.

குனிந்து செருப்பைப் புரட்டினேன்.
பத்தாம் நம்பர்.
ததேயுவுக்கு எட்டு.

வலையை மறுபடி ஓடவிட்டேன்.